பழைய ஏபிஐ-யை மூடப் போகிறீர்களா? (வாசகர் கேள்வி பதில்)

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன. டிராஃபிக் கூடுகிறது, புது ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொரு மென்பொருளிடம் தகவல் கேட்டு வாங்கும் வழி) தயாராக இருக்கிறது, ஆனால் வாடிக்கையாளர்கள் பழையதை விட்டு நகர மாட்டேன் என்கிறார்கள். அல்லது அதன் மறுபக்கம்: நகரச் சொல்லி மெயில் வந்திருக்கிறது, என்ன செய்வது என்று தெரியவில்லை. இரண்டு பக்கத்துக்காரர்களுக்கும் இந்த முறை இடம் கொடுத்திருக்கிறேன்.

பார்சல் எங்கே இருக்கிறது என்று ஆன்லைன் கடைகளுக்குச் சொல்லும் சிறிய சேவை நடத்துகிறோம். ஆறு பேர்தான். தீபாவளி, பொங்கல் சமயத்தில் சர்வர் படுத்துவிடுகிறது. அதற்காகவே வெர்ஷன் 2 எழுதினோம். அது வந்து ஒரு வருடம் ஆகியும் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் பழையதிலேயே இருக்கிறார்கள். மெயில் போட்டால் பதிலே இல்லை. ஒரு தேதி வைத்து ஒரேயடியாக நிறுத்திவிடலாமா சார்? (வாசகர், கோவை)

தேதி வையுங்கள். ஒரேயடியாக நிறுத்தாதீர்கள்.

அவர்கள் ஏன் வரவில்லை? சோம்பேறித்தனம் என்று நினைக்கிறீர்கள், கடிதத்தின் தொனியிலேயே தெரிகிறது. ஆனால் அந்தக் கடைக்காரரைப் பொறுத்தவரை எதுவும் கெட்டுப்போகவில்லை. வருடத்தில் சில நாள் மெதுவாக ஓடியது, அவ்வளவுதான். உங்கள் ஏபிஐ-யை அவருடைய தளத்தில் இணைத்துக்கொடுத்த பையன் வேலை மாறி பெங்களூரு போயிருப்பான், அந்தப் புரோகிராம் கோடைத் தொடுவதற்கு இப்போது ஆளில்லை, தொட்டால் வேறு எதுவாவது நின்றுவிடுமோ என்று பயம். நீங்கள் அனுப்பும் மெயிலோ, கணக்குத் தொடங்கியபோது கொடுத்த முகவரிக்குப் போகிறது. அதை யாரும் திறப்பதில்லை, அல்லது பில் கட்டும் அக்கவுன்டன்ட் திறந்து, எண்ட்பாயின்ட் கிண்ட்பாயின்ட் என்று என்னவோ எழுதியிருக்கிறதே என்று மூடிவிடுகிறார்.

அதனால் முதல் வேலை லாகில், அதாவது சர்வர் எழுதிவைக்கும் பதிவேட்டில். பழைய ஏபிஐ-க்கு வரும் ரெக்வெஸ்டுகளை ஏபிஐ கீ (ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் நீங்கள் கொடுத்த சாவி) வாரியாகப் பிரியுங்கள். பாதி வாடிக்கையாளர்கள் என்ற கணக்கால் ஒரு பயனும் இல்லை, ஏனென்றால் உங்கள் சர்வரைப் படுக்க வைப்பது ஆட்களின் எண்ணிக்கை இல்லை, ரெக்வெஸ்டுகளின் எண்ணிக்கை. பிரித்துப் பார்த்தால் பெரும்பகுதி நாலைந்து பேரிடமிருந்து வருவது தெரியும், பெரும்பாலான சேவைகளில் நிலைமை இதுதான். அந்த நாலைந்து பேருக்கு போன் பண்ணுங்கள். முடிந்தால் உங்கள் ஆள் ஒருவரே நேரில் போய் அவர்களுடைய கோடை மாற்றிக்கொடுக்கட்டும். அவருக்கு அதில் ஓரிரு நாள் போகும், போகட்டும். தீபாவளி வாரத்தில் கூடுதலாக எடுக்கும் சர்வர் வாடகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பிறகு சொல்லுங்கள்.

மீதிப் பேர் மாதத்துக்குச் சில நூறு ரெக்வெஸ்ட் அனுப்புகிறவர்கள். இவர்களைத் துரத்த வேண்டியதே இல்லை. பழைய முகவரியை அப்படியே விட்டுவிட்டு, அங்கே வரும் கேள்வியைப் புது வடிவத்துக்கு மாற்றி, புது சர்வரிடம் கேட்டு, பதிலைப் பழைய வடிவத்திலேயே திருப்பித் தரும் ஒரு மெல்லிய அடுக்கை நடுவில் வைத்தால் போதும். பணம் செலுத்தும் சேவையான ஸ்ட்ரைப் இதைத்தான் பெரிய அளவில் செய்கிறது. ஒருவர் முதல்முதலாகக் கூப்பிட்டபோது எந்த வெர்ஷன் இருந்ததோ அதிலேயே அவருடைய கணக்கு நின்றுவிடும். உள்ளே இருக்கும் முக்கியமான கோடுக்குப் புதிய வடிவம் மட்டும்தான் தெரியும், பதில் வெளியே போகும்போது ஒவ்வொரு படியாகப் பழைய வடிவத்துக்கு இறக்கிக்கொண்டு வருவார்கள். 2011-இல் தொடங்கியதிலிருந்து வந்த எல்லா வெர்ஷன்களையும் இப்படிக் காப்பாற்றி வருவதாக 2017-இல் அந்த நிறுவனம் எழுதியது. உங்களுக்கு இருப்பது இரண்டே வெர்ஷன், தலைவலி கம்மி.

இதற்குப் பிறகும் போனை எடுக்காத பெரிய வாடிக்கையாளர் ஒருவர் இருப்பார். அவருக்காகத்தான் ஒத்திகை நிறுத்தம். கடைசித் தேதிக்குச் சில வாரங்கள் முன்பு, ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, பழைய ஏபிஐ-யைப் பத்து நிமிடம் வேண்டுமென்றே நிறுத்துங்கள், அப்புறம் மறுபடி போடுங்கள். அடுத்த வாரம் அரை மணி நேரம். ட்விட்டர் தன்னுடைய முதல் வெர்ஷனை 2013 ஜூன் 11 அன்று மூடுவதற்கு முன்பு இப்படிப் பலமுறை இருட்டடிப்பு செய்து காட்டியது. புரோகிராம் கோடைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பும் ஏபிஐ-யில் பாஸ்வேர்டு போட்டு நுழைவதை 2020 நவம்பர் 13-இல் நிறுத்தியபோது, முன்கூட்டியே சில மணி நேர ஒத்திகை நடத்தியது. மெயிலுக்கு வராத பதில் இதற்கு வரும். வரும் பிழைச்செய்தியில் காரணமும் உங்கள் போன் நம்பரும் இருக்க வேண்டும், போனை எடுக்க ஆளும் இருக்க வேண்டும். புரட்டாசி பிறந்துவிட்டால் பொங்கல் முடியும்வரை இந்த விளையாட்டு எதுவும் வேண்டாம்.

இன்னொன்று, நீங்கள் எழுதாதது. பார்சல் சேவை என்றால் உங்கள் டிராஃபிக்கில் பெரும்பகுதி "வந்துவிட்டதா, வந்துவிட்டதா" என்று ஒரே பார்சலைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பதாகத்தான் இருக்கும். கிளினிக்கில் நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து போய் "டாக்டர் கூப்பிட்டாரா" என்று கேட்கிற ஆளைப் போல. வெர்ஷன் 2-விலும் அதே கேள்வியை அதே வேகத்தில் கேட்க முடியும் என்றால் நீங்கள் முகவரியை மாற்றினீர்களே தவிர சுமையைக் குறைக்கவில்லை. பார்சலின் நிலை மாறும்போது நீங்களாகவே கடையின் சர்வருக்குத் தகவல் அனுப்பும் வெப்ஹுக் வசதி அதில் இருக்கிறதா? இல்லையென்றால் ஆட்களை நகர்த்துவதை நிறுத்திவைத்துவிட்டு முதலில் அதை எழுதுங்கள். வாடிக்கையாளருக்கும் நகர்வதற்கு ஒரு காரணம் கிடைக்கும்: அவர் கடைக்கு வரும் "என் பார்சல் எங்கே" போன்கள் குறையும்.

டிராஃபிக் கூடினால் இன்னும் நாலு சர்வர் சேர்த்தால் போயிற்று. எதற்கு ஏபிஐ-யையே மாற்ற வேண்டும்? (கல்லூரி மாணவர், மதுரை)

சில சமயம் போதும். பல சமயம் போதாது. நம் கையிலேயே இருக்கும் உதாரணம் யுபிஐ.

2023 ஆகஸ்டில் மாதத்துக்கு 1,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டிய யுபிஐ, 2025 ஆகஸ்டில் 2,000 கோடியைத் தாண்டியது. இடையில் 2025 மார்ச் 26-இலும் ஏப்ரல் 12-இலும் நாடு முழுக்கப் பணம் போகாமல் நின்றது, டீக்கடையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஏப்ரல் 12 தடங்கலுக்குக் காரணமாக வெளியே வந்தது என்ன தெரியுமா? பணம் அனுப்பியவர்களின் கூட்டம் இல்லை. "அந்தப் பரிவர்த்தனை முடிந்ததா" என்று நிலையை விசாரிக்கும் ஏபிஐ-யை, சில வங்கிகளின் சர்வர்கள் பழைய பரிவர்த்தனைகளுக்கும் சேர்த்துத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டதுதான். பதில் வரத் தாமதமானால் மறுபடி கேட்பது, மறுபடி கேட்பதால் இன்னும் தாமதமாவது. இந்தச் சுழலில் எத்தனை சர்வர் போட்டாலும் விழுங்கிவிடும்.

யுபிஐ-யை நடத்தும் என்பிசிஐ அதற்குப் பிறகு கேட்கும் முறைக்குக் கட்டுப்பாடு போட்டது. நிலையை விசாரிக்க வேண்டுமென்றால் குறிப்பிட்ட இடைவெளி விட்டு, மூன்று முறைக்கு மேல் கூடாது. 2025 ஆகஸ்ட் 1 முதல் ஒரு ஆப்பில் ஒருவர் ஒரு நாளைக்கு 50 முறைதான் பேலன்ஸ் பார்க்கலாம், மொபைல் எண்ணோடு இணைந்த கணக்குகளின் பட்டியலை 25 முறைதான் எடுக்கலாம், தானாகப் பிடிக்கப்படும் ஆட்டோபே தவணைகள் நெரிசல் இல்லாத நேரத்தில்தான் ஓட வேண்டும். ஐம்பது முறை பேலன்ஸ் பார்ப்பவர் யார் என்று கேட்காதீர்கள், மனிதரைவிட ஆப் தானாகவே பின்னணியில் பார்ப்பதுதான் பிரச்சினை.

உங்கள் கல்லூரி புராஜெக்ட் அளவிலும் இதைப் பார்க்கலாம். "5,000-ஆவது பக்கத்தைக் கொடு" என்று கேட்க விடும் ஏபிஐ எழுதியிருந்தால், டேட்டாபேஸ் அதற்கு முந்தைய 4,999 பக்கங்களையும் எண்ணித் தாண்டி வர வேண்டும். ஆயிரம் வரிகள் இருந்தபோது இது தெரியாது, கோடி வரிகள் வந்த பிறகு ஒவ்வொரு கேள்வியும் மூச்சு வாங்கும். "கடைசியாகக் கொடுத்த இந்த ஐடி-க்கு அடுத்தவற்றைக் கொடு" என்று கேட்கும் முறைக்கு மாற்றினால் சரியாகிவிடும். ஆனால் அந்த மாற்றத்தை வாடிக்கையாளரின் கோடைத் தொடாமல் செய்ய வழியில்லை. புது வெர்ஷன் பிறப்பது பெரும்பாலும் இந்த மாதிரி இடத்தில்தான்.

புது ஏபிஐ-க்கு மாறிய பிறகு ஆர்டர் எண்களின் கடைசி இலக்கம் சில நேரம் மாறிவிடுகிறது. சர்வரில் சரியாக இருக்கிறது, பிரவுசரில் தவறாக இருக்கிறது. எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது. (வாசகர், யாழ்ப்பாணம்)

பிடிக்காது. ஜாவாஸ்கிரிப்டில் 9007199254740993 என்று எழுதி அச்சிட்டுப் பாருங்கள், 9007199254740992 என்று வரும். அதில் சாதாரண எண்கள் இரண்டின் 53-ஆவது அடுக்கு வரைதான் துல்லியமாக நிற்கும், அதற்கு மேல் போனால் அருகில் உள்ள எண்ணுக்கு ஒட்டிக்கொள்ளும். உங்கள் சேவைக்காரர்கள் வளர்ந்து, ஐடி-யை 64 பிட் கொண்ட மிகப் பெரிய எண்ணுக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

இது பழைய கதை. 2009 ஜூனில் ட்வீட்களின் ஐடி 2,147,483,647-ஐத் தாண்டியபோது, அதுவரைதான் பிடிக்கும் 32 பிட் எண்ணில் சேமித்துக்கொண்டிருந்த வெளியார் ஆப்கள் சில சுருண்டு விழுந்தன. அடுத்த வருடம் ட்விட்டர் ஸ்னோஃப்ளேக் என்ற புது ஐடி முறைக்குப் போனது. பல சர்வர்கள் ஒன்றையொன்று கேட்காமலே ஐடி உருவாக்க வேண்டும் என்பதற்காக 64 பிட். உடனே நீங்கள் சொல்லும் இதே பிரச்சினை வந்தது. அதனால் ஒவ்வொரு ஐடி-யையும் எண்ணாக ஒருமுறை, மேற்கோள் குறிக்குள் எழுத்துச்சரமாக ஒருமுறை என்று இரண்டு வடிவத்தில் அனுப்பத் தொடங்கினார்கள்.

உங்கள் ஏபிஐ-யின் பதிலிலும் எழுத்துச்சர வடிவம் இருக்கிறதா என்று தேடுங்கள், இருந்தால் அதை எடுங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். ஐடி-யைக் கூட்டப் போவதுமில்லை, கழிக்கப் போவதுமில்லை, அதை எண்ணாக வைத்திருப்பதில் யாருக்கு என்ன லாபம்?

429 என்று பிழை வருகிறது. (வாசகர், சேலம்)

அளவுக்கு மேல் கேட்கிறீர்கள் என்று அர்த்தம். பதிலின் தலைப்பகுதியில் ரீட்ரை-ஆஃப்டர் என்று ஒன்று இருந்தால் அதில் உள்ள விநாடிகள் பொறுத்திருங்கள். இல்லையென்றால் ஒரு விநாடி, இரண்டு, நான்கு என்று இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொண்டே போங்கள், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தற்செயலான நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். கூட்டாவிட்டால் உங்கள் பத்து சர்வர்களும் ஒரே நொடியில் மறுபடி போய்க் கதவைத் தட்டும்.

எங்கள் ரியல் எஸ்டேட் தளத்தில் பயன்படுத்தும் வெளிச் சேவை ஒன்று, 45 நாளில் புது ஏபிஐ-க்கு மாறுங்கள் என்கிறது. புது ஏபிஐ-யில் கட்டணமும் அதிகம். டிராஃபிக் கூடிவிட்டது என்று சொல்வதெல்லாம் விலையேற்றத்துக்கு ஒரு சாக்குதானே? (வாசகர், தாம்பரம்)

பாதி உண்மை. டிராஃபிக்குக்குச் செலவு உண்டு, அதை யாராவது கொடுத்தாக வேண்டும். ஆனால் அந்தச் செலவுக்கும் கேட்கிற விலைக்கும் சம்பந்தம் இருந்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

உங்கள் தொழிலுக்கு நெருக்கமான உதாரணம் கூகுள் மேப்ஸ். 2018 ஜூலை வரை ஒரு தளம் ஒரு நாளைக்கு 25,000 முறை வரைபடத்தை இலவசமாகக் காட்டலாம். அதன் பிறகு 1,000 முறைக்கு 7 டாலர், மாதம் 200 டாலர் வரை தள்ளுபடி. கணக்குப் போட்டால் அப்போது இலவசமாகக் கிடைத்தது மாதத்துக்கே சுமார் 28,000 முறைதான் (2025 மார்ச்சில் அந்தத் தள்ளுபடி முறையும் மாறிவிட்டது). நாள் கணக்கு மாதக் கணக்காகிவிட்டது. அப்போது பல சிறிய தளங்கள் இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பக்கம் போயின. பிறகு 2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கு மட்டும் கூகுள் கட்டணத்தைக் குறைத்தது, சில சேவைகளுக்கு 70 சதவீதம் வரை. ஆக, விலை கல்லில் செதுக்கியது இல்லை. பேசிப் பாருங்கள்.

மோசமான உதாரணங்களும் உண்டு. 2023 பிப்ரவரி 2-ஆம் தேதி ட்விட்டர், இலவச ஏபிஐ 9-ஆம் தேதியோடு முடிகிறது என்றது. ஒரு வாரம்! பிறகு தள்ளிப்போட்டார்கள் என்பது வேறு விஷயம். அதே வருடம் ரெட்டிட் 1,000 ரெக்வெஸ்டுக்கு 24 சென்ட் என்று விலை வைத்தது. கேட்கச் சின்னத் தொகை. ஆனால் மாதம் 700 கோடி ரெக்வெஸ்ட் அனுப்பிக்கொண்டிருந்த, ரெட்டிட்டைப் படிக்க உதவும் அப்போலோ என்ற வெளியார் ஆப்புக்கு அது வருடத்துக்கு 2 கோடி டாலர். ஜூன் 30-ஆம் தேதி கடையை மூடிவிட்டார்கள்.

உங்கள் 45 நாளில் முதல் வாரத்தை இதற்குச் செலவிடுங்கள்: அந்தச் சேவையை உங்கள் கோடில் எங்கெங்கே கூப்பிடுகிறீர்கள் என்று தேடி, எல்லாவற்றையும் ஒரே ஃபைலுக்குள் கொண்டுவாருங்கள். பக்கத்துக்குப் பக்கம் நேராகக் கூப்பிடாமல், உங்களுடைய ஒரு ஃபங்ஷன் வழியாக மட்டுமே வெளியே போகட்டும். அதே ஃபங்ஷனில் பதிலைக் கொஞ்ச நேரம் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வைத்துக்கொண்டால் ஒரே மனையின் முகவரியை நூறு பேர் பார்த்தாலும் ஒருமுறைதான் காசு (கேஷில் எதை எவ்வளவு நேரம் வைக்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கும், படித்துவிடுங்கள்). இது முடிந்தால் புது ஏபிஐ-க்கு மாறுவதும் ஒரு நாள் வேலை, வேறு நிறுவனத்துக்கு ஓடுவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதன் பிறகு கட்டணம் பற்றிப் பேசினால் உங்கள் குரலே வேறு மாதிரி இருக்கும்.

அவகாசமும் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். 45 நாள் குறைவு. ஃபேஸ்புக் தன் கிராஃப் ஏபிஐ-யின் முதல் வெர்ஷனை மூட 2014 ஏப்ரல் 30 முதல் 2015 ஏப்ரல் 30 வரை ஒரு வருடம் கொடுத்தது.

வெர்ஷனுக்கு 1, 2 என்று எண் போடுவதா, தேதி போடுவதா? (வாசகர், சிங்கப்பூர்)

ஸ்ட்ரைப், ஆன்லைன் கடை நடத்த உதவும் ஷாப்பிஃபை, கிட்ஹப் மூன்றும் தேதி. ஷாப்பிஃபை மூன்று மாதத்துக்கு ஒன்று வெளியிட்டு ஒவ்வொன்றையும் குறைந்தது 12 மாதம் வைத்திருக்கிறது. அடிக்கடி மாற்றுகிறவர்களுக்குத் தேதி வசதி. வருடத்துக்கு ஒருமுறைகூட மாற்றாதவர் தேதி போட்டால், வாடிக்கையாளர் "இது 2022-இல் நின்றுபோன சேவை போல" என்று நினைத்துக்கொள்வார். எண்ணே போதும்.

மாறும் சமயத்தில் பழையது, புதியது இரண்டும் ஓடியது. வாடிக்கையாளர்களுக்கு ஒரே எஸ்எம்எஸ் இரண்டு முறை போய்விட்டது. திட்டு வாங்கினோம். (வாசகர், திருச்சி)

எஸ்எம்எஸ்ஸோடு போயிற்றே, பணம் இரண்டு முறை போயிருந்தால்? தகவலை வாசிக்கும் ரெக்வெஸ்டுகளை இரண்டு பக்கமும் அனுப்பிப் பதில்களை ஒப்பிடுவது நல்ல பழக்கம், தாராளமாகச் செய்யுங்கள். எதையாவது அனுப்புவது, பணம் பிடிப்பது, பதிவது போன்றவற்றை ஒரு பக்கம் மட்டும்தான். அதிலும் ஒவ்வொரு செயலுக்கும் நீங்களே ஒரு தனி அடையாள எண் உருவாக்கிக் கூடவே அனுப்புங்கள். அதே எண் இரண்டாம் முறை வந்தால் சர்வர் புதிதாக எதுவும் செய்யாமல் முதல்முறை சொன்ன பதிலையே திருப்பிச் சொல்ல வேண்டும். பணம் சம்பந்தப்பட்ட நல்ல ஏபிஐ-களில் இந்த வசதி இருக்கும். இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாறுங்கள். பழையது, புதியது இரண்டும் அந்த எண்களை ஒரே இடத்தில் சேமித்தால்தான் இது வேலை செய்யும், தனித்தனி டேட்டாபேஸ் வைத்திருந்தால் மறுபடி திட்டுதான்.

பழையதை மூடாமலே காலத்துக்கும் வைத்திருந்தால் என்ன? (வாசகர், ஈரோடு)

வைத்திருக்கலாம். அமேசானே வைத்திருக்கிறது. எஸ்3 சேமிப்புச் சேவையில் முகவரி எழுதும் பழைய முறை ஒன்றை 2020 செப்டம்பர் 30-ஓடு நிறுத்தப் போவதாக 2019 மே மாதம் அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியது. சில நாட்களிலேயே, அந்தத் தேதிக்கு முன் உருவாக்கிய சேமிப்பிடங்களுக்குத் தொடரும் என்றார்கள். பிறகு அந்தத் தேதியையும் தள்ளிவைத்தார்கள். பழைய முறை இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அவர்களிடம் அதற்கு ஆளும் பணமும் இருக்கிறது. உங்களிடம் ஒரு பாதுகாப்பு ஓட்டை வந்தால் இரண்டு இடத்தில் அடைக்க வேண்டும், புதிதாகச் சேரும் இன்ஜினியருக்கு இரண்டையும் சொல்லித்தர வேண்டும், பழையதை எழுதியவர் ராஜினாமா கொடுக்கும் நாளில் உங்களுக்குத் தூக்கம் போகும். இதெல்லாம் பரவாயில்லை என்றால் வைத்திருங்கள். ஆனால் புது வாடிக்கையாளர் யாருக்கும் பழைய ஏபிஐ-யின் கீ கொடுக்காதீர்கள். டாக்குமென்டேஷன் பக்கத்திலிருந்தும் அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள், கூகுளில் தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் அந்தப் பழைய பக்கம்தான்.